வடக்குக் கிழவியை எங்கே தொலைத்தீர்கள்?

கிளிண்டா எந்தத் திசையின் சூனியக்காரி? ஓஸ் கதை தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் வடக்கு என்கிறார்கள். வினாடி வினா நடத்துகிறவர்களும் அதையே சரியான விடையாக வைத்திருக்கிறார்கள். புத்தகம் படித்துவிட்டு வந்து தெற்கு என்று சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. எனக்குத் தாங்கவில்லை. கிளிண்டா தெற்கைச் சேர்ந்தவள். எல். ஃபிராங்க் பாம் 1900-ல் எழுதிய 'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்' புத்தகத்தில், கதை முடியப்போகிற நேரத்தில்தான் டோரதி அவளை முதன்முதலாகப் பார்க்கிறாள். சிவப்பு நிறத்தை விரும்பும் க்வாட்லிங் மக்களின் நாட்டில், மாணிக்கச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவள் அவள். வடக்கில் இருந்தவள் வேறொருத்தி. அவள் ஒரு கிழவி. அவளைத்தான் நூறு வருடமாக ஆளுக்கு ஒரு கைபோட்டுக் காணாமல் அடித்திருக்கிறார்கள்.

பாம் எழுதிய முதல் புத்தகத்தில் நான்கு சூனியக்காரிகள். கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்கள் கெட்டவர்கள். வடக்கிலும் தெற்கிலும் இருப்பவர்கள் நல்லவர்கள். நால்வரில் பெயர் உள்ளவள் கிளிண்டா ஒருத்திதான். மற்ற மூவருக்கும் திசைதான் அடையாளம். பழைய கதைகளில் ராஜா என்றால் ராஜா, கிழவி என்றால் கிழவி. அது குறையாகத் தெரியாது. ஆனால் பெயர் இல்லாத இடத்தைப் பார்த்தால் பின்னால் வருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. நாடகம் போட்டார்கள், படம் எடுத்தார்கள், தொடர் எடுத்தார்கள், வேறு மொழிகளில் மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் கெட்டவர்களுக்குப் புதுப்பெயர், புதுக் கதை, புது நியாயம் கிடைத்தது. வடக்குக் கிழவிக்கு மட்டும் இருந்ததும் போயிற்று.

அவள் யார் என்பதைச் சொல்லாமல் என் வருத்தம் யாருக்கும் புரியாது. சூறாவளியில் பறந்துவந்த வீடு கிழக்குச் சூனியக்காரியின்மேல் விழுகிறது. கதவைத் திறந்து வெளியே வருகிறாள் டோரதி. அவளை வரவேற்க மஞ்ச்கின் நாட்டு ஆண்கள் மூன்று பேரோடு ஒரு சின்னக் கிழவி வருகிறாள். முகமெல்லாம் சுருக்கம். தலை கிட்டத்தட்ட வெள்ளை. நடையில் விறைப்பு. வெள்ளை அங்கி, அதில் மினுக்கும் நட்சத்திரங்கள், தலையில் கூம்புத் தொப்பி. சூனியக்காரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நினைத்திருந்த கான்சஸ் பெண்ணுக்கு, அப்படி இல்லையம்மா என்று முதலில் சொல்லிக் கொடுப்பவள் இவள்தான். இந்த ஊரை ஆண்ட கெட்டவளின் அளவுக்குத் தனக்குச் சக்தி கிடையாது, இருந்திருந்தால் தானே இந்த மக்களை விடுவித்திருப்பேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். குழந்தைகள் கதையில் தன்னால் முடியாததை முடியாது என்று ஒத்துக்கொள்ளும் மந்திரக்காரி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அதோடு நிற்கவில்லை. தொப்பியைக் கழற்றி மூக்கின் நுனியில் நிறுத்தி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிறாள். தொப்பி சிலேட்டாகிறது. டோரதி மரகத நகரத்துக்குப் போகட்டும் என்று அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கிறது. தான் கூட வர முடியாது என்கிறாள். ஆனால் டோரதியின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுக்கிறாள். அந்த இடத்தில் வட்டமாக, பளபளப்பாக ஒரு அடையாளம் பதிந்துவிடுகிறது. பிறகு இடது குதிகாலில் மூன்று சுற்றுச் சுற்றி மறைந்துபோகிறாள்.

மீதிக் கதையில் அந்த முத்தம் செய்யும் வேலையைப் பாருங்கள். மரகத நகரத்தின் மந்திரவாதி யாரையும் நேரில் பார்க்காதவன். டோரதியை உள்ளே விடச் சம்மதிப்பது, காலில் கிழக்குச் சூனியக்காரியின் வெள்ளிக் காலணியும் நெற்றியில் அந்த அடையாளமும் இருப்பதாகக் காவலன் சொன்ன பிறகுதான். மேற்குச் சூனியக்காரி ஏவிவிட்ட சிறகுக் குரங்குகள் டோரதியோடு வரும் வைக்கோல் மனிதனைப் பிய்த்து எறிகின்றன, தகர மனிதனைப் பாறையில் போட்டு நசுக்குகின்றன. டோரதியைத் தொட மட்டும் பயப்படுகின்றன. அந்த அடையாளத்தைப் பார்த்து மேற்குச் சூனியக்காரிக்கே கவலை வருகிறது. எனக்குச் சக்தி குறைவு என்று சொன்ன கிழவி கொடுத்த ஒரே ஒரு முத்தம், கெட்டவளின் கோட்டைக்குள்ளேயும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது. கதைக்கு முதுகெலும்பு போன்ற இந்தக் காட்சியை எழுதியவர் கிழவிக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாதவளைத் தூக்கி எறிவது சுலபமாகப் போயிற்று.

தூக்கி எறிந்தது 1939-ல் வந்த எம்ஜிஎம் படம். எத்தனையோ தலைமுறைக்கு ஓஸ் என்றாலே அந்தப் படம்தான். இரண்டு நல்லவர்கள் எதற்கு, ஒருத்தி போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. தெற்குக்காரியின் பெயரையும் அழகையும் எடுத்துக்கொண்டு, வடக்குக்காரியின் பதவியையும் காட்சியையும் அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அழகான கிளிண்டா குமிழியில் மிதந்து வந்து இறங்குகிறாள். முத்தத்தைக்கூட அவளே கொடுக்கிறாள். ஆனால் டோரதியைக் காப்பாற்றும் பொறுப்பு காலணிக்குப் போய்விட்டது. புத்தகத்தில் வெள்ளியாக இருந்த அந்தக் காலணியும் வண்ணப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மாணிக்கச் சிவப்பாகிவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தில் கிளிண்டா டோரதியிடம் சொல்லும் ஒரு விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கெட்ட சூனியக்காரிகள் மட்டும்தான் அவலட்சணமாக இருப்பார்களாம். சுருக்கம் விழுந்த, விறைத்து நடக்கும் ஒரு நல்ல கிழவி நின்ற அதே இடத்தில், அவளை விரட்டிவிட்டு இப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள். பாம் சொல்லிக் கொடுத்ததற்கு நேர் எதிரான பாடம் இது. கிளிண்டாவாக நடித்த பில்லி பர்க்குக்குப் படம் எடுத்தபோது வயது 54. மேற்குச் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுக்கு 36 வயதுதான். நல்லவளாக நடிக்கத் தகுந்த மூத்த நடிகை கையிலேயே இருந்தார். அவருடைய வயதை மேக்கப்பால் மூடி இளம் தேவதையாக்கினார்கள். வயதில் சின்னவருக்குப் பச்சைச் சாயம் பூசி, மூக்கை நீட்டி, அவரைக் கிழவியாக்கினார்கள். அந்தப் பச்சைத் தோலும் புத்தகத்தில் கிடையாது. அங்கே மேற்குச் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண். அது தொலைநோக்கி மாதிரி தூரத்தைப் பார்க்கும். கையில் வைத்திருப்பது குடை.

இரண்டு பேரை ஒருத்தியாக்கியதில் கதையிலும் ஓட்டை விழுந்தது. காலணியே டோரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற ரகசியம் வடக்குக் கிழவிக்குத் தெரியாது. அதனால்தான் டோரதியை மந்திரவாதியிடம் அனுப்புகிறாள். ரகசியம் தெரிந்தவள் தெற்கில் இருக்கும் கிளிண்டா; டோரதி அவளைப் போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிடுகிறாள். இதில் யார்மேலும் பழி இல்லை. படத்திலோ, ஆரம்பத்தில் வந்தவளும் கடைசியில் வந்தவளும் ஒரே கிளிண்டா. வீட்டுக்குப் போகும் வழி முதல் நாளே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சிறுமியை அத்தனை ஆபத்துக்குள் நடக்க விட்டிருக்கிறாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வைக்கோல் மனிதன் கேட்கும்போது, சொன்னால் நம்பியிருக்க மாட்டாள், அவளாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று பதில் வருகிறது. என்ன நியாயம் இது? நல்லவளை அநியாயக்காரி ஆக்கிவிட்டார்கள், அது அவர்களுக்கே தெரியவில்லை. கிளிண்டா வடக்குக்கு வந்துவிட்டதால் தெற்குப் பயணமே வேண்டாம் என்றாகிவிட்டது. 24 அத்தியாயங்கள் உள்ள புத்தகத்தில் 18-வது அத்தியாயத்தில் கிளம்பும் அந்தப் பயணத்தில் சண்டைபோடும் மரங்கள் உண்டு, பீங்கானால் ஆன ஊர் உண்டு, தலையாலேயே முட்டித் தள்ளும் சுத்தியல் தலையர்கள் உண்டு. கிழவியோடு சேர்ந்து அத்தனையும் போயிற்று.

என் அக்கா மகள் 2024-ல் வந்த 'விக்கெட்' படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அதில் மேற்குச் சூனியக்காரியாக வரும் எல்ஃபபாவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். "சித்தி, அந்த நல்ல சூனியக்காரிக்கு முதலில் கலிண்டா என்றுதான் பேராம்" என்றாள். சரி, வடக்கில் இருந்த கிழவி படத்தில் வந்தாளா என்று கேட்டேன். "எந்தக் கிழவி? வடக்கு என்றால் கிளிண்டாதானே?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பார்த்ததில் யாராவது சொல்லியிருந்தால்தானே அவளுக்குத் தெரியும்.

எல்ஃபபா என்ற பெயரைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. கிரெகரி மகுவயர் 1995-ல் 'விக்கெட்' நாவலை எழுதியபோது, எல், எஃப், பி என்ற பாமின் பெயரெழுத்துகளின் ஒலியிலிருந்து அதை உருவாக்கினார். பச்சையாகப் பிறந்த பிள்ளைக்குத் தாயும் தந்தையும் தங்கையும் கொடுத்தார். கிழக்குச் சூனியக்காரியை நெஸ்ஸரோஸ் என்ற அந்தத் தங்கையாக்கினார். உழைத்துச் சம்பாதித்த பெயர்கள் அவை. 2003-ல் பிராட்வேயில் மேடையேறிய இசைநாடகத்தில் கலிண்டா கிளிண்டாவானதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆசிரியராக இருக்கும் ஆட்டுக்கு அவள் பெயரைச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவருக்கு ஆதரவாக இவள் தன் பெயரையே மாற்றிக்கொள்கிறாள். இவ்வளவு அக்கறையோடு ஓர் எழுத்தை எடுப்பதற்குக்கூடக் காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, வடக்கில் ஒருத்தி இருந்தாளே, அவள் எங்கே என்று கேட்க மட்டும் ஏன் தோன்றவில்லை? அங்கேயும் கிளிண்டாதான் எல்லாம். 1939 படத்தின் கணக்கையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிழக்கும் மேற்கும் அக்காள் தங்கை என்பதும் அந்தப் படத்தின் சேர்மானம்தான், பாம் அப்படி எழுதவில்லை.

மற்றவர்கள் வைத்த பெயர்களைப் பார்த்தால் இன்னும் ஆற்றாமை. 1910-ல் வந்த மௌனப்படத்தில் கெட்டவள் மோம்பா. அது பாமின் இரண்டாவது புத்தகத்தில் வரும் மோம்பி என்ற கிழவியின் பெயரைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது. 2013-ல் டிஸ்னி எடுத்த படத்தில் மேற்குக்காரி தியோடோரா, கிழக்குக்காரி எவனோரா. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மேற்குக்காரியின் பெயர் ஸெலீனா. கெட்டவளுக்கு இத்தனை பெயர்களா! அதிலும் அந்த 2013 படத்தில், கழுத்து நகை உடைந்ததும் அழகி எவனோராவின் வேஷம் கலைகிறது. உள்ளே இருப்பது ஒரு கிழவி. முதுமை என்றாலே மறைத்து வைத்த கெட்ட குணம் வெளியே வருவது என்று எத்தனை தடவைதான் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள்?

1985-ல் அதே நிறுவனம் எடுத்த 'ரிட்டர்ன் டு ஓஸ்' படத்தில் மோம்பிக்கு நடந்ததும் இந்தக் குழப்பத்தின் இன்னொரு முகம். வேளைக்கு ஒரு தலையை எடுத்து மாட்டிக்கொள்வது மோம்பியின் பழக்கமே இல்லை. பாமின் 1907 புத்தகமான 'ஓஸ்மா ஆஃப் ஓஸ்'-ல் வரும் லாங்விடியர் என்ற இளவரசியின் வேலை அது. அவளிடம் 30 தலைகள் உண்டு. அவள் சூனியக்காரியும் அல்ல, தன் அழகில் மயங்கிக் கிடக்கும் ஒரு சோம்பேறி. அவளுடைய தலைகளைப் பிடுங்கி மோம்பியின் பெயருக்குக் கீழே வைத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வரும் பிள்ளை, மோம்பியிடம் தலைகளைத் தேடி ஏமாந்துபோகும்.

வடக்குக் கிழவிக்கு யாருமே பெயர் வைக்கவில்லையா என்றால், வைத்தார்கள். அதிலும் அவளுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1902-ல் சிகாகோவில் இந்தக் கதை இசைநாடகமானபோது அவள் பெயர் லொகாஸ்டா. பிறகு பாம் வரிசையாக ஓஸ் புத்தகங்கள் எழுதினார், மொத்தம் 14. ஒன்றிலும் அந்தப் பெயரை அவர் எடுக்கவில்லை. 1909-ல் வந்த 'தி ரோட் டு ஓஸ்' புத்தகத்தில் ஓஸை ஆளும் ஓஸ்மாவின் பிறந்தநாள் விழாவுக்கு அவள் வருகிறாள், அப்போதும் வெறும் வடக்குச் சூனியக்காரியாகத்தான். பாம் 1919-ல் காலமானார். அவருக்குப் பிறகு தொடரை எடுத்துக்கொண்ட ரூத் பிளம்லி தாம்ப்சன் 1928-ல் 'தி ஜயன்ட் ஹார்ஸ் ஆஃப் ஓஸ்' எழுதினார். அதில் அவளுக்கு டாட்டிபூ என்று பெயர் சூட்டினார். பெயர் கிடைத்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் புத்தகம் முடிவதற்குள் டாட்டிபூ உண்மையில் ஓரின் என்ற அழகிய ராணி என்று தெரிந்துவிடுகிறது. மோம்பியின் மந்திரத்தால் கிழவியாகிப்போனவளாம். மந்திரம் கலைந்ததும் ராணியாகிக் கணவனிடம் போய்விடுகிறாள். வடக்கு நாட்டுக்கு வேறு ராஜா, ராணி வந்துவிடுகிறார்கள். பெயர் வைத்த கையோடு ஆளையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அவள் கிழவியாகவே, தானாகவே நல்லவளாக இருந்தாள் என்பதை ஏற்றுக்கொள்ள ஓஸ் தொடருக்குள்ளேயே மனம் வரவில்லை. இன்றைக்கும் ஓஸ் வாசகர்கள் லொகாஸ்டாவும் டாட்டிபூவும் ஒருத்தியா இரண்டு பேரா என்று வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அவளை நினைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் இருப்பதே எனக்கு ஆறுதல்.

அவளை ஒழுங்காக வைத்துக்கொண்டவர்களும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். 1975-ல் பிராட்வேக்கு வந்த 'தி விஸ்', முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களே நடித்து ஏழு டோனி விருதுகளை வாங்கிய இசைநாடகம். அதில் நால்வரும் தனித்தனியாக இருக்கிறார்கள். கெட்டவர்களுக்கு வைத்த எவிலீன், எவமீன் என்ற பெயர்கள் எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி இருக்கின்றன. ஆனால் வடக்குக்கு அடாபெர்ல் இருக்கிறாள், தெற்கில் கிளிண்டா கிளிண்டாவாகவே இருக்கிறாள். மந்திரம் சரியாக வராத மனுஷி அடாபெர்ல். சக்தி போதாது என்று ஒத்துக்கொண்ட கிழவியின் சாயல் அவளிடம் இருக்கிறது.

இன்னொருவர் சோவியத் நாட்டு அலெக்சாந்தர் வோல்கோவ், மாஸ்கோவில் கணிதம் கற்பித்தவர். எம்ஜிஎம் படம் வந்த அதே 1939-ல் அவர் எழுதிய 'மரகத நகரத்து மந்திரவாதி' வெளிவந்தது. டோரதியை எல்லி ஆக்கினார். நாடுகளின் நிறங்களை இடம் மாற்றினார். சூறாவளியையே கிழக்குச் சூனியக்காரியின் வேலையாக்கினார். ஏகப்பட்ட மாற்றங்கள். ஆனாலும் நான்கு பேரும் இருக்கிறார்கள், நான்கு பேருக்கும் பெயர் இருக்கிறது. கிழக்கில் கிங்கெமா, மேற்கில் பாஸ்டிண்டா, தெற்கில் ஸ்டெல்லா, வடக்கில் வில்லினா. வில்லினா குட்டிப் புத்தகம் ஒன்றை எடுத்து ஊதுகிறாள். அது பெரிய புத்தகமாகி, எல்லி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. சிலேட்டாகும் தொப்பியை வோல்கோவ் விட்டுவிட்டார் என்று நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் அதே அளவுக்கு நல்ல ஒன்றை வைத்திருக்கிறார். ரஷ்ய மொழியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வடக்கையும் தெற்கையும் குழப்பிக்கொள்ளும் தொல்லையே இல்லை.

கதை என்றால் மாறிக்கொண்டுதான் இருக்கும், இதற்குப் போய் இவ்வளவு அலுத்துக்கொள்வதா என்று சொல்கிறார்கள். மாறட்டும். நான் மாற்றத்தைக் குறை சொல்லவில்லை, மாற்றம் எப்போதும் ஒரே திசையில் போவதைத்தான் சொல்கிறேன். பாமின் முதல் புத்தகத்தின் காப்புரிமை அமெரிக்காவில் 1956-லேயே முடிந்துவிட்டது. அதில் இருப்பதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மாணிக்கக் காலணி அப்படியல்ல, அது படத்தின் சொத்து. 1985 படத்தில் அதைக் காட்டுவதற்கு டிஸ்னி பணம் கொடுத்தது. 2013 படத்தில் பச்சைத் தோலின் சாயல்கூடப் பழைய படத்தோடு ஒத்துப்போய்விடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அடுத்தவர் வேலிக்குப் பக்கத்திலேயே நின்று இத்தனை பாடுபடுகிறவர்கள், வேலியே இல்லாத புத்தகத்துக்குள் இருக்கும் கிழவியை ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? அவளுக்கு உரிமைத் தொகை கிடையாது. வக்கீல் நோட்டீஸ் வராது. அவளைக் காட்டினால் படம் பார்க்க வரும் பிள்ளை பயந்தா ஓடிவிடும்?

அடுத்து யாராவது ஓஸ் கதையை எடுக்கத்தான் போகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மேற்குக்காரிக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள், எந்த நிறத்தை வேண்டுமானாலும் பூசுங்கள். ஆனால் டோரதி கதவைத் திறந்து வரும்போது எதிரே அந்தக் கிழவியை நிறுத்துங்கள். லொகாஸ்டா என்று சொல்லுங்கள், டாட்டிபூ என்று சொல்லுங்கள், பெயரே இல்லாமல்கூட விடுங்கள். அவளை இளமையாக்காதீர்கள், கடைசியில் ராணியாக்காதீர்கள், முகத்தில் உள்ள சுருக்கங்களை அழிக்காதீர்கள். நெற்றியில் பதிந்த முத்தத்தைப் பார்த்துக் குரங்குகள் பின்வாங்கும் காட்சியை வெட்டாதீர்கள். கிளிண்டாவைத் தெற்கில், அவள் சிம்மாசனத்திலேயே இருக்க விடுங்கள். டோரதி நடந்துபோய் அவளைப் பார்த்துக்கொள்வாள்.